நொதி நின்ற இடம்

கிருமியம்மா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. பாக்டீரியா வளர்த்துப் பிழைக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? புருஷன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனபோது, "இந்தச் சோதனை முடியட்டும், வந்துடறேன்" என்று தங்கிவிட்டாள். அது முடிந்தபாடில்லை. அவர் விட்டுப்போன செருப்பைத் தினமும் துடைத்து வாசலில் வைக்கிறாள். கேட்டால், வீட்டில் ஆம்பளை இருக்கிறார் என்று திருடன் நினைக்கணுமாம். திருடனுக்காக யாராவது செருப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா?

மத்தியானமானால் அவர் ஃபோன் செய்வார். பேசிக்கொண்டே இருப்பவர் நடுவில் அமைதியாகிவிடுவார். பேச ஒன்றுமில்லை போல என்று இவளும், "சரி, டியூப் காத்திட்டிருக்கு" என்று வைத்துவிடுவாள். போன வாரத்திலிருந்து அந்த ஃபோனும் இல்லை.

லேபில் அவள் மல்லுக்கட்டுவது ஒரு நொதியோடு. பாக்டீரியாவின் மரபணுவைப் படித்துக்கொண்டே ஆர்.என்.ஏ. பின்னிப் போகும் நொதி அது. கூட ஒரு புரதத்தைச் சேர்த்தால் ஓரிடத்தில் நின்றுவிடும். சற்று நிற்கிறதா, அதோடு கதை முடிந்ததா? முடிந்தது என்றே அவள் தீர்மானித்திருந்தாள். ஃபோன் வருவதற்குள் கடைசி டியூபிலும் வினையை நிறுத்தும் கரைசலை ஊற்றிவிட்டு வராந்தாவுக்கு ஓடுவதுதான் அவள் வழக்கம். நொதிக்கு அதற்குமேல் அவகாசம் கிடைத்ததே இல்லை.

அன்று ஃபோனைப் பார்த்தபடி வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். பக்கத்து மேசை அக்கா வந்து உலுக்கினாள்.

"ஏண்டி, முறைச்சா அது அடிச்சிருமா? உன் கடைசி டியூப் இன்னும் நிறுத்தாம, சுடுதண்ணித் தொட்டியில வெதுவெதுன்னு குளிச்சிட்டு இருக்கு."

"ஐயோ, போச்சு!"

"போனதையும் ஜெல்லுல ஏத்திப் பாரு. என்ன கெட்டுப்போச்சு?"

ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் அந்த ஜெல்லின் படம் மறுநாள் வந்தது. மற்ற டியூப்களின் வரிசையில் எல்லாம், நொதி நின்ற இடத்தில் தடித்த கறுப்புக் கோடு. மறந்துபோன டியூபில் மட்டும் அந்தக் கோடு மங்கி, மேலே, முழு நீள ஆர்.என்.ஏ.வுக்கான இடத்தில் புதுசாக ஒன்று.

"கிளம்பிப் போயிருக்குடி!" என்றாள் அக்கா. "புரதம் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். நீதான் ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே கழுத்தை நெரிச்சிருக்கே."

கிருமியம்மா ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல்முறை.

"என்னங்க, நான்தான்."

"ம். சோதனை முடிஞ்சுதா?"

"இல்ல. இவ்வளவு நாளும் அவசரப்பட்டு நிறுத்தியிருக்கேன்."

அந்தப் பக்கம் அமைதி. மூச்சு மட்டும் கேட்டது. டியூப் காத்திட்டிருக்கு என்பது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினாள். கதவிடுக்கில் அக்காவின் ஒரு கண் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்று ஃபோனைக் காதோடு அழுத்திச் சுவரில் சாய்ந்தாள்.

"ஏம்மா," என்றது குரல், வெகுநேரம் கழித்து. "வச்சிட்டியோன்னு நினைச்சேன்."

"இல்லீங்க. இருக்கேன்."