கத்திரி வீட்டுக்கு ஒரு கொக்கி

என் வீட்டுக்காரர் அசதுல்லா முப்பத்தொரு வருஷம் லைன்மேனாக இருந்தவர். ஊரில் யாரும் அவரை அந்தப் பெயரால் சொல்ல மாட்டார்கள். கத்திரி என்றால்தான் தெரியும். மின்கம்பத்தில் திருட்டுக் கொக்கி கண்ணில் பட்டால் ஏறி நறுக்கிவிட்டுத்தான் இறங்குவார். மாமனார் வீட்டுக் கொக்கியாக இருந்தாலும் சரி. என் அப்பா வீட்டுக் கொக்கியை ஈத் பெருநாளுக்கு முந்தின நாள் நறுக்கினார். நான் பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அந்த மனுஷருக்கு இப்போது கரண்ட் இல்லாவிட்டால் மூச்சு கிடையாது. நுரையீரல் கெட்டுப்போய் மூன்று வருஷம் ஆகிறது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். அதிலிருந்து வருகிற குழாய்தான் இவர் மூக்கில். அந்த அறையில் நெருப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் கணப்பும் கிடையாது, கரி நெருப்புக் காங்கிடிச் சட்டியும் கிடையாது. போர்த்திக்கொள்ள இரண்டு பஞ்சு ரஜாய், நாலு வெந்நீர்ப் பை, அவ்வளவுதான்.

அன்றைக்கு, எங்கள் காஷ்மீரின் நாற்பது நாள் கடுங்குளிரான சில்லாய் கலான் தொடங்கிப் பதினொன்றாம் நாள். இரண்டு நாளாகப் பனி விடாமல் கொட்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு எங்கள் மேல் மொஹல்லாவின் ஐம்பது வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் ஹீட்டரைப் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே நினைப்புதான்: நம்ம வீட்டுது ஒண்ணுதானே. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த சத்தத்தில் எங்கள் வாதுமை மரத்துப் பனியெல்லாம் பொத்தென்று விழுந்தது. உள்ளே மெஷின் ஒரு தடவை வீறிட்டுவிட்டு நின்றது.

ஓடிப்போய், அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரில் குழாயை மாற்றினேன். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. எப்படி இழுத்தாலும் பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும்தான் வரும். இன்வெர்ட்டர் பேட்டரி போன குளிருக்கே செத்துப்போயிருந்தது. மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், யார் கேட்டார்கள்? மொஹல்லாவில் ஜெனரேட்டர் வைத்திருக்கிற ஒரே குடும்பம் குளிருக்கு ஜம்மு போய்விட்டது. மின்துறைக்குப் போன் செய்தால், பாதை திறந்தால்தான் புது டிரான்ஸ்ஃபார்மர் வரும், நாளையோ மறுநாளோ என்றார்கள். ஆம்புலன்ஸ்காரரும் பாதையைத்தான் சொன்னார். கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று டாக்டரைக் கேட்டேன். "இந்தக் குளிர்ல ஏழு கிலோமீட்டர் தாங்க மாட்டாரும்மா. எங்கேயாவது கரண்டுக்கு வழி பாருங்க" என்றார்.

கரண்ட் இல்லாமல் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ் மொஹல்லா. அவர்களுக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர். பட்டப்பகலில் விளக்குகளைப் போட்டுவைத்திருந்தார்கள். பாலம் தாண்டினதும் முதல் வீடு நூராவுடையது. அங்கேதான் எனக்குக் கால் வரவில்லை.

நூரா கோழிக்குஞ்சு வளர்க்கிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு சில்லாய் கலானில் இவர் அவன் கொக்கியை நறுக்கினார். சூட்டு பல்புகள் அணைந்து, விடிவதற்குள் குஞ்சுகள் விறைத்துவிட்டன. மறுநாள் அவன் பெண்டாட்டி ஜூனா கூடையோடு வந்து எங்கள் வாசலில் கொட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். நானாவது பேசாமல் இருந்திருக்கலாம். "திருடினதுக்கு ரோஷத்தைப் பாரு" என்று தெருவே கேட்கக் கத்தினேன். என் வாய் அப்படி. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

நண்பகல் வரை வேறு வழி தேடினேன். பாராமுல்லாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் மகள் போனில் அழுதாளே தவிர அவளால் என்ன முடியும்? இரண்டு மணிக்கு முள் சிவப்பைத் தொட்டது. ஃபெரன் அங்கியை இழுத்து மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

ஜூனாதான் கதவைத் திறந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"என்ன, மகாராணிக்கு வழி தப்பிப் போச்சா?"

"நூரா இருக்கானா?"

"இருக்கான். குஞ்சு பாத்துக்கிட்டிருக்கான். இந்தத் தடவ உசுரோட இருக்குற குஞ்சு."

"இவருக்கு ஆக்சிஜன் தீரப்போகுது ஜூனா" என்றேன்.

அவள் கதவை விட்டுவிட்டு உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க வாங்க" என்றாள்.

நூரா வந்தான். தாடியெல்லாம் குஞ்சு மயிர். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னும் எவ்வளவு நேரத்துக்கு வரும்?"

"ஒரு மணி நேரம். அதுகூட இல்ல."

"அப்ப இங்க நின்னு என்ன பண்றீங்க? ஏணியப் புடிங்க."

தீவன மூட்டைகளுக்கு அடியிலிருந்து கம்பிச் சுருள்களை இழுத்தான். ஒன்று, இரண்டு, ஐந்து. நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

"என்ன பாக்குறீங்க? அன்னிக்கு உங்க வீட்டுக்காரரு வெட்டினதுலேர்ந்து, மறுபடி வெட்டுவாரோன்னு நான் வாங்கிக்கிட்டே இருந்தேன். இந்தப் பக்கத்துல என்கிட்ட இருக்குற கம்பி எவன்கிட்டயும் இல்ல."

ஓடைக்கு மேலே, வாதுமைக் கிளை வழியாக, எங்கள் ஜன்னலுக்குள் கம்பி வந்து சேர அரை மணி ஆயிற்று. ஜூனா பனியில் முழங்கால் வரை நின்று கம்பியை விட்டுக்கொடுத்தாள். நடுநடுவே அவனையும் திட்டினாள், என்னையும் திட்டினாள். திட்டு வாங்கிக்கொள்ள எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இவர் கண் திறந்து கம்பியைப் பார்த்தார். பிறகு நூராவை.

"மீட்டர்லேர்ந்தா?" என்றார். ஒரு வார்த்தைக்கு இரண்டு மூச்சு.

"கம்பத்துலேர்ந்து. என் மீட்டர் தாங்காது" என்றான் நூரா.

இவர் தலையை ஆட்டினார். "என் வீட்ல கொக்கி வேணாம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ தெரியாது. "நீங்க போனப்புறம் இந்த மீட்டர நான் என்ன பண்றது, கட்டிப் புடிச்சுக்கிட்டுப் படுக்கவா? உங்க நேர்மைய மூக்குல வெச்சா மூச்சு வருமா? பேசாம படுங்க" என்று கத்தினேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னபடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

நூரா பிளக்கைச் செருகினான். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது, உள்ளே ஏதோ டக்கென்றது, வீறிட்டது, நின்றுவிட்டது. மறுபடி போட்டான். மறுபடியும் அதுதான். ஒரு பல்பை மாட்டிப் பார்த்தான். பீடி நுனி மாதிரி எரிந்தது.

"வோல்டேஜ் இல்ல. கீழ் மொஹல்லா மொத்தமும் ஹீட்டரப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கு. உங்க பக்கத்துலேர்ந்து வந்த சொந்தக்காரங்க வேற."

நான் ஓடினேன். பாலம் தாண்டி மூன்று வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று வீட்டிலும் "அதுக்கென்ன, அணைச்சுடறோம்" என்றார்கள். தெருவில் நின்று திரும்பிப் பார்த்தால் மூன்று வீட்டுத் திரைக்குப் பின்னாலும் அதே ஹீட்டர் சிவப்பு. நம்ம வீட்டுது ஒண்ணுதானே. அறுபது வீட்டில் இப்படிக் கெஞ்சி முடிப்பதற்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்தேன். விரலில் மாட்டின ஆக்சிஜன் அளக்கிற கருவி எழுபத்தாறு காட்டியது. இவர் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. சிலிண்டர் முள் அடியைத் தட்டி நின்றது.

ஜூனா அவனைப் பார்த்தாள். "இன்னும் எதுக்கு மென்னு முழுங்கிக்கிட்டு நிக்கறீங்க? போய்க் கத்துங்க."

"அவரு காதுல விழுமேடி."

"விழட்டும். உசுரு இருந்தாத்தானே காதுல விழும்."

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. நூரா இறங்கி ஓடினான். ஜன்னல் வழியே பார்த்தேன். பாலத்தின் நடுவில் போய் நின்றான். இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"கத்திரி வந்துட்டாண்டோய்!"

எதிர் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி அதையே கத்தினான். அடுத்த வீட்டு மாடியில் ஒரு பெண் குரல். அதற்கடுத்து ஒரு கிழவர் குரல். தெரு முனை வரைக்கும் அது ஓடியது. அப்புறம் நான் பார்த்ததை நீங்கள் நம்பினால் நம்புங்கள். ஜன்னல் ஜன்னலாகத் திறந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீளக் கழி வெளியே வந்தது. கம்பங்களிலிருந்து கொக்கிகள் பொலபொலவென்று பனியில் விழுந்தன. திரைகளின் சிவப்பு வரிசையாக அணைந்தது. இவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது, படுக்கையில் மூன்று வருஷம் கிடக்கிறார். அது ஒருத்தருக்காவது நினைவுக்கு வர வேண்டுமே! யோசிப்பதற்கு முன்னால் கை போய்விட்டது.

என் பக்கத்தில் பல்பு பளீரென்றது. ஜூனா பிளக்கைச் செருகினாள். டக்கென்றது. வீறிடவில்லை. பிறகு அந்த 'உர்ர்' சத்தம். எத்தனையோ இரவு தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் சபித்த சத்தம்.

குழாயை மாற்றினேன். எழுபத்திரண்டு. எழுபத்தைந்து. எண்பது. எண்பத்தாறு. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஜூனா என் தோளைப் பிடித்தாள். "அழுவுங்க, அழுவுங்க. அன்னிக்கு நான் அழுததுல பாதியாவது அழுவுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

வெளியே ஜனம் கூடிவிட்டது. எங்கே கத்திரி, எங்கே கத்திரி என்று ஒரே கேள்வி. நூராவின் குரல் கேட்டது. "மூச்சு விடறதுக்கு வந்திருக்காரு. இனிமே எவன் வீட்லயாவது ஹீட்டர் சிவந்துச்சு, நானே ஏறி வெட்டிருவேன். என் வீட்டு பல்பையும் சேத்துத்தான் அணைச்சிருக்கேன், போங்க."

அப்போதுதான் எனக்குக் குஞ்சுகள் உறைத்தன. வீட்டில் இருந்த காங்கிடி எல்லாவற்றிலும் கரி போட்டு ஜூனாவிடம் கொடுத்தேன். ஹீட்டர் இல்லாமல் கைகால் விறைத்த சனங்களிடமும் போய் அவள் காங்கிடி கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினாள். முப்பது சட்டிகளைத் தகர டப்பாக்களுக்குள் வைத்துக் குஞ்சுக் கொட்டகையில் வரிசையாக அடுக்கினார்கள்.

நூரா உள்ளே வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தான். தொண்ணூறு காட்டியது. இவருக்கு உதட்டில் ரத்தம் திரும்பியிருந்தது. அவன் பக்கம் திரும்பினார்.

"இருபத்திரண்டு வருஷம் அந்தப் பாலத்தத் தாண்டியிருக்கேன்" என்றார். "உன்னோட அந்த ஒண்ணத் தவிர ஒரு கொக்கி கண்ணுல பட்டதில்ல. ரிப்போர்ட்ல எழுதினேன். கீழ் மொஹல்லாக்காரங்க நேர்மையானவங்கன்னு."

ஜூனா வாயைப் பொத்திக்கொண்டாள். இவருக்கே சிரிப்பு வந்து இருமலாகி, நான் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

"எப்பவும் நீதான் கத்துவியா?"

"நான்தான். மொத வீடு என்னுதாச்சே."

"அப்ப அந்த ஒரு நாள் உன் கொக்கிய ஏன் கழட்டல?"

நூரா காலைப் பார்த்துக்கொண்டான். "பாலத்துல நின்னாத்தான் எல்லாருக்கும் கேக்கும். கத்திட்டு ஓடி வர்றதுக்குள்ள நீங்க என் கம்பத்துல ஏறிட்டீங்க."

இவர் ரஜாய்க்கு வெளியே கையை நீட்டி அவன் கையைப் பிடித்தார்.

"நானூத்திப் பத்து" என்றார்.

நூரா தலையை ஆட்டினான். வாசலில் கொட்டின அந்தக் குஞ்சுகளை அன்றைக்கு இவர்தான் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தார். எண்ணினார் என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து என்ன, எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கீழ் மொஹல்லா ஹீட்டர் போடவில்லை. நூரா விட்டால்தானே! மூன்றாம் நாள் பாதை திறந்து, புது டிரான்ஸ்ஃபார்மர் ஏறி, எங்களுக்குக் கரண்ட் வந்தது. மெஷினை எங்கள் மீட்டருக்கே மாற்றினேன். சாயங்காலம் நூரா கம்பியைச் சுருட்டிக்கொண்டு போக ஏணியோடு வந்தான். குஞ்சு ஒன்றுகூடச் சாகவில்லை என்று வாசலிலேயே சொன்னான்.

ஜன்னல் பக்கம் ஏணியைச் சாத்திவிட்டுக் கம்பியில் கை வைத்தபோது இவர் கூப்பிட்டார்.

"நூரா, விட்டுரு. இருக்கட்டும்."

நூரா என்னைப் பார்த்தான். நான் இவரைப் பார்த்தேன். இவர் ரஜாயைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"சில்லாய் கலான் முடிய இன்னும் இருபத்தேழு நாள் இருக்குல்ல" என்றார்.