நாலாவது போல்ட்

நாளைக் காலைக்குள் காரின் ஓட்டுநர் இருக்கையை மாற்றியாக வேண்டும். வீடு வீடாகப் போய் இரத்த மாதிரி எடுத்துவரும் வேலை, வேறு ஊரில். சொந்த வண்டியோடு வா, வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று சொல்லியிருந்தார்கள். என் பழைய வண்டியிலோ பிரேக்கை மிதித்தால் ஓட்டுகிறவளும் இருக்கையோடு முன்னால் நழுவுவாள். இருக்கையைத் தாங்கும் தண்டவாளம் துருவில் இற்றுப்போயிருந்தது.

தம்பி மெக்கானிக். வீட்டின் கீழ்த்தளம்தான் அவன் பட்டறை. மாடியில் அப்பா, பக்கவாதத்தில் விழுந்தவர். இத்தனை நாளும் அவரைப் பார்த்துக்கொண்டது நான், நாளையிலிருந்து அவன். "நீ போக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று அவனே சொன்னான். அந்த ஊமைக்கோட்டான் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்ததே என்று நானும் நம்பிவிட்டேன்.

இருக்கைக்கு நான்கு போல்ட். தலை வண்டிக்குள்ளே, நட்டு வண்டிக்கு அடியில். ஒருவர் உள்ளே தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடியில் படுத்து நட்டைத் திருக வேண்டும். எண்ணெய் விட்டு ஊறட்டும் என்று காலை முழுக்க என்னைக் காக்கவைத்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்கும் பட்டறைக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்தேன்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்றான்.

"வாய நீட்டாம வேலையப் பாரு."

முதலில் கொஞ்சம் இறுக்கி, துருவை அசைத்துவிட்டு, அப்புறம்தான் கழற்றுவான். அவன் இறுக்கும்போது என் ஸ்பேனர் கதவுப் பக்கம் தள்ளும். கழற்றும்போது கியர் பக்கம் தள்ளும். மூன்று போல்ட்டும் அப்படித்தான் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தன.

நாலாவது உடும்புப் பிடியாகப் பிடித்தது. ஸ்பேனர் கதவுப் பக்கம் தள்ளியது. மறுபடியும் கதவுப் பக்கம். மாடியில் அப்பா கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டார். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து பிடித்தேன். அப்போதும் கதவுப் பக்கம்தான்.

"வருதாடா?"

"வர மாட்டேங்குதுக்கா. இன்னைக்கு நடக்காது போல."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. இறங்கிப் போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் காலைப் பிடித்து இழுத்தேன்.

"எந்தப் பக்கம் திருப்புற நீ?"

வெளியே வந்து உட்கார்ந்தான். கண்ணிமையிலெல்லாம் துரு.

"வேணும்னேதான இறுக்குன?"

தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். "என்னால முடியாதுக்கா. நேத்து அவருக்குத் துணி மாத்தப் போனேன். வாசல்லயே நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. அதை இவனிடம் காட்டுவேனா?

"எனக்கு மட்டும் பொறந்தப்பவே தெரியுமா? மொத நாள் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். வாயக் கொப்பளிச்சிட்டு வந்து மிச்சத்தச் செஞ்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்ல. அதுக்குப் பதிலா என் பொழப்புல மண்ணள்ளிப் போடுவியா?"

அவன் இமையில் ஒட்டியிருந்த துருவைத் துடைத்தான்.

"எந்திரி. உள்ள போய்த் தலையப் புடி."

நானே அடியில் போய்ப் படுத்தேன். முகத்துக்கு நேரே இரும்பு, கண்ணெல்லாம் துருத்தூள். நட்டில் ஸ்பேனரை மாட்டி, உள்ளுக்குள் கொதித்த கோபத்தை எல்லாம் கையில் திரட்டி இழுத்தேன். அசையவில்லை. காலை அச்சில் முட்டுக்கொடுத்து இன்னும் பலமாக இழுத்தேன். கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. வருகிறது என்று நினைத்து மறுபடியும் மூச்சைப் பிடித்தேன்.

மேலே அவன் ஸ்பேனரை விடாமல் பிடித்திருந்தான். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போல்ட் அங்கேயே இறுகியிருக்கும், நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன்.

"அக்கா, நிறுத்து" என்றது தரைத்தகட்டுக்கு மேலிருந்து அவன் குரல். "என் ஸ்பேனர் கதவுப் பக்கம் தள்ளுது, அடியில படுத்ததுல உனக்குப் பக்கம் மாறிடுச்சு. நீ இறுக்கிக்கிட்டிருக்க. கியர் பக்கமா திருப்பு."