விருந்து முடிந்து

ஸ்டுடியோக்காரர் நாள் முழுக்க மனிதர்களை அசையாமல் உட்கார வைத்துப் பிழைப்பவர். தலையை நேரா வைங்க, தோளைத் தளர விடுங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க. பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், எப்போதாவது ஒரு குடும்பப் படம். உட்கார்ந்திருப்பவர்களையே இருபது வருடம் எடுத்து அலுத்துப்போனதாலோ என்னவோ, பறப்பதை எடுக்க வேண்டும் என்ற ஆசை நாற்பத்தைந்து வயதில் அவரைப் பிடித்துக்கொண்டது.

அவருடைய அக்காள் கணவர் கால்நடை மருத்துவர். பாறுக் கழுகுகளுக்கு இரை வைக்கும் மையம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அத்தானை விடாமல் நச்சரித்து மூன்று சனிக்கிழமைகளுக்கு அனுமதி வாங்கினார் ஸ்டுடியோக்காரர்.

மையம் காகிதத்தில்தான் மருத்துவருடையது. நடத்துவது அங்கே காவலராக இருந்த பெண்; எல்லோருக்கும் அவர் காவலர் அக்கா. எங்காவது மாடு செத்தது என்று போன் வந்தால் வண்டியோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். கடைசி நாட்களில் மாட்டுக்கு வலி ஊசி போட்டிருந்தால் அந்த இறைச்சி கழுகுக்கு விஷம். தின்ற இரண்டு நாளில் சிறுநீரகம் போய்த் தலை தொங்கிவிடும். அதனால் மாட்டுக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் அக்கா ஈரலில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். முடிவு வரும்வரை மாடு குளிர் அறையில் கிடக்கும். பத்து மாட்டில் இரண்டோ மூன்றோதான் தேறும். தேறியதை வேலி போட்ட திடலில் கொண்டுபோய்ப் போடுவதற்கு அவர் வைத்திருந்த பெயர் பந்தி.

முதல் நாளே ஸ்டுடியோக்காரருக்குப் பாடம் நடந்தது. திடலின் ஓரத்தில் பலகை அடித்த சிறிய மறைவறை. விடியும்போது உள்ளே போனால் கடைசிப் பறவை கிளம்பும்வரை வெளியே வரக்கூடாது, சத்தம் கூடாது. சாப்பிட்ட கழுகுக்குக் கழுத்தடியில் பை புடைத்துக்கொள்ளும், சட்டைக்குள் பந்தை ஒளித்துவைத்த பையனைப் போல. கிளம்பும் பறவைகளில் எத்தனைக்குப் பந்து இருக்கிறது என்று அக்கா வாசல் கேட்டிலிருந்து தொலைநோக்கியில் எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார்.

இடது இறக்கையில் ஓர் இறகு இல்லாத பெரிய கழுகைக் காட்டி, "அவர்தான் மாமனார். அவர் இறங்காம யாரும் இலை முன்னால உக்கார மாட்டாங்க. கொஞ்சம் பந்தா பண்ணுவார், பொறுத்துக்கோங்க" என்றார்.

பறவைகளை வெருட்டியவர் குஞ்சு பொரிக்கும் பருவம் முடியும்வரை திடல் பக்கம் வரக்கூடாது என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியதும் அக்காதான்.

முதல் சனிக்கிழமை கழுகுகள் தின்றுவிட்டு மறைவறைக்குப் பின்பக்கமாகப் பறந்துபோயின. இரண்டாவது சனிக்கிழமை பனிமூட்டம். மூன்றாவதுக்கு மாடு தேறவே பதினொரு நாளாயிற்று. மலைச்சரிவில் இரண்டு கூடுகளில் குஞ்சுகள் இருப்பதாக அத்தான் சொல்லியிருந்தார்.

அன்று கழுகுகள் காலை ஏழு மணியிலிருந்து மரத்திலேயே இருந்தன. மாமனார் பந்தா பண்ணினார். பன்னிரண்டரைக்கு ஸ்டுடியோக்காரர் பேட்டரி மாற்றக் குனிந்த அரை நிமிடத்தில் முப்பது பறவைகளும் இறங்கி முடித்திருந்தன. நிமிர்ந்தபோது எல்லாம் தரையில். தோள்களும் கூன் முதுகுகளும்தான் தெரிந்தன. கல்யாணப் பந்தியைப் பின்னாலிருந்து எடுத்ததுபோல் ஒரு படம் கிடைக்கும், அவ்வளவுதான். இனி அனுமதியும் இல்லை.

கை தவறிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் அதற்கு முன் கேமராவில் ஷட்டர் வேகத்தைப் பறப்பதை எடுக்கும் அளவுக்குக் கூட்டியது எந்தக் கை? வேகத்தைக் கூட்டி, குவியத்தைச் சரிபார்த்து, வலது கை விசையில் இருக்க, இடது கையால் எஃகு தண்ணீர் பாட்டிலை எடுத்து மறைவறையின் இரும்புத் தாழ்ப்பாளில் ஒரே தட்டு.

திடல் முழுவதும் இறக்கையாக எழுந்தது. மாமனார் நேர் எதிரே, இறகில்லாத இடைவெளி வழியே வானம் தெரிய, லென்ஸை நிறைத்துக்கொண்டு வந்தார். நாலு விநாடி. அதற்குள் எண்பது படம்.

பிறகு ஒன்றும் இறங்கவில்லை. சாயங்காலம்வரை மாடு அப்படியே கிடந்தது. இருட்டுமுன் புதைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாய்க் கூட்டம் சேரும். குழி தோண்டுவதில் ஸ்டுடியோக்காரரும் கை கொடுத்தார். அக்கா அதற்கு நன்றி சொன்னார்.

"சத்தம் ஏதாவது கேட்டுச்சா தம்பி?"

"தெரியலக்கா. தூரத்துல ஏதோ இரும்புச் சத்தம் மாதிரி."

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "பன்னிரண்டரைக்குத்தான் நான் கேட்டைப் பூட்டினேன். சங்கிலி கொஞ்சம் நழுவுச்சு" என்றார்.

ஸ்டுடியோக்காரர் குழிக்குள் மண்ணைத் தள்ளினார். அக்கா அன்றே பதிவேட்டில் எழுதினார்: பந்து, பூஜ்யம். காரணம், கேட் சங்கிலி. என் தவறு. மறு வாரத்திலிருந்து தன் விதிப்படி தானே குளிர் அறை வேலைக்குப் போய்விட்டார். இரை வைக்கும் நாட்களில் கேட்டில் வேறோர் ஆள் நின்றார். அவருக்கு மாமனாரை அடையாளம் தெரியாது.

ஸ்டுடியோக்காரர் படத்தை அத்தானிடம் காட்டும்போது, முதல் சனிக்கிழமை எடுத்தது என்று சொல்லிவிட்டார். அத்தான் அசந்துபோனார். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் பயிற்சி அறைச் சுவரில் மாட்டச் சொன்னார். கீழே வைக்கும் வாசகத்தையும் அவரே எழுதினார்: விருந்து முடிந்து.

மாட்டிய அன்று அத்தான் எல்லோருக்கும் தேநீர் சொல்லிவிட்டு, "நம்ம மச்சான் இவ்வளவு நாளா உக்காந்தவங்களையே படம் எடுத்து வீணாப் போயிட்டான்" என்று முதுகில் தட்டினார். குளிர் அறையிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து படத்தின் முன் நின்றார். மாமனாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அருகில் போனார். அடுத்த பறவைக்கு நகர்ந்தார், அதற்கடுத்ததற்கு. அவர் விரல் ஒவ்வொரு கழுத்தடியிலும் நின்று நின்று போவதை ஸ்டுடியோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று நாள் உட்கார்ந்தவர், அந்த இடத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தரும் சாப்பிடலையே தம்பி. முதல் சனிக்கிழமை எல்லாருக்கும் பந்து இருந்துச்சே."

அத்தான் அந்தப் பக்கம் தேநீர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"எதால தட்டினீங்க?"

"தண்ணி பாட்டில்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "நான் சங்கிலிக்குத் துணி சுத்தி வச்சேன்" என்றார். "அது போதாதுன்னு தினம் கேட்டுக்கு எண்ணெய் விட்டேன்." பிறகு, "நோட்டு உள்ளே மேஜை மேல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிர் அறைக்குத் திரும்பினார்.

ஸ்டுடியோக்காரர் உள்ளே போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். அந்த நாளின் வரி கிடைத்தது. 'என் தவறு' என்பதை அடித்துவிட்டு, தான் செய்ததை மூன்று வரியில் எழுதினார். ஷட்டர் வேகத்தைக் கூட்டியதை எழுதாமல் மூடினார். மறுபடி திறந்து அதையும் எழுதினார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அத்தானிடம் நீட்டினார்.

அத்தான் இரண்டு தடவை படித்தார். தேநீர் ஆறியது. "வீட்டுல இருக்கிற உங்கக்காகிட்ட நீயே சொல்லிக்கோ" என்றார் கடைசியில். "அந்தப் படத்தைக் கழட்டிடு."

நாற்காலி போட்டு ஏறிய ஸ்டுடியோக்காரரைக் குளிர் அறையிலிருந்து வந்த காவலர் அக்காதான் தடுத்தார். "இருக்கட்டும் டாக்டர். புதுசா வர்றவங்களுக்குப் பந்து இல்லாத கழுத்து எப்படி இருக்கும்னு காட்ட என்கிட்ட ஒரு படமும் இல்ல. எழுத்தை மட்டும் மாத்தினாப் போதும்."

மாற்றிக் கொடுக்கும் வேலை ஸ்டுடியோக்காரருக்கே வந்தது. வாசகத்தை அக்கா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்: பசியோடு எழுப்பப்பட்ட பறவைகள். கழுத்தடியைப் பார்க்கவும். அதன்கீழே என்ன போட வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

கடைக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தார். பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் முக்காலியில் தலையை நேராக வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வாசகத்தின்கீழே 'படம்:' என்று தட்டி, அதே அளவு எழுத்தில் தன் முழுப் பெயரையும் அடித்தார்.