வாசலில் நின்ற சென்னை வண்டி

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஊருக்கெல்லாம் குளிரும், சுந்தரபாண்டியனுக்கு மட்டும் சூடேறும். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் தான் வீடு கட்டியது தப்பா, அருவிக்கு வருகிறவனெல்லாம் கார் வாங்கியது தப்பா என்று அவருக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேட்டை மறித்து ஏதாவது ஒரு வண்டி நிற்கும். வந்தவர்கள் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அருவிக்குப் போயிருப்பார்கள். ‘இங்கு வண்டி நிறுத்தக் கூடாது' என்று போர்டு வைத்தார். அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள். பெரிய கல்லாக ஒன்றை உருட்டி வைத்தார். அதில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றார்கள்.

இத்தனைக்கும் அவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சீசனுக்குச் சீசன் இதே சாலையில் நின்று ஊர்ப்பட்ட வண்டிகளை விரட்டியவருக்குத் தன் வீட்டு வாசலைக் காப்பாற்ற முடியவில்லை. மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். அது பொல்லாத வாய்.

அந்த வாயால்தான் மகள் அனுசியாவின் கல்யாணம் ஒரு தடவை கெட்டது. மூன்று வருஷத்துக்கு முன் செங்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வாசலில் எவனோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த, இவர் எழுந்துபோய்த் திட்டிய திட்டைக் கேட்டு மாப்பிள்ளையின் அத்தை காபியைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள். கோபக்காரர் வீடு என்ற பெயர் அதன்பிறகு இவர்களுக்கு முன்னால் போய் நின்றது. அனுசியாவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இத்தனை நாளில் அவள் அப்பாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது ராயகிரியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் முத்துச்செல்வம். வீரகேரளம்புதூரில் வேலை. அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமாவும்தான். போட்டோவைப் பார்த்த அனுசியா வழக்கம்போல வெறுமனே தலையாட்டிவிட்டுப் போகாமல், இவருக்குப் புஸ்தகம் வாசிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே வள்ளித்தாய்க்குப் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. அன்று காலையில் புருஷனைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுக் கையை நீட்டினாள்.

“இன்னைக்கு ஒரு நாள் நீங்க வாயத் தெறக்கக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க.”

அவர் பண்ணினார். மனசாரத்தான் பண்ணினார்.

பூவும் மிக்சரும் வாங்க ஸ்கூட்டரில் தென்காசிக்குப் போய்விட்டுத் திரும்பினால், கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. சென்னை நம்பர். கேட்டுக்கும் காருக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்துத்தான் நுழையலாம். கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் சீயக்காய்ப் பொட்டலம் ஒன்று கிடந்தது. பெண் பார்க்க ஆட்கள் வருகிற நேரம். ராயகிரிக்காரர்கள் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து இறங்கினால் எப்படி உள்ளே வருவார்கள்? அவருக்கு உச்சந்தலையில் ஏறியது. திட்டுவதற்கு ஆளும் இல்லை, இருந்தாலும் சத்தியம் இருக்கிறது. வாயைப் பற்றித்தான் சத்தியமே தவிர, கையைப் பற்றிப் பேச்சில்லை.

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து வால்வு கழற்றுகிற சின்னச் சாமானை எடுத்தார். முன்டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, மூடியைத் திருகி, உள்ளே இருந்த வால்வைக் கழற்றினார். காற்று உஸ்ஸென்று போகப்போக அவர் கோபமும் கூடவே இறங்கியது. பின்டயரிலும் ஒன்றைக் கழற்றி இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர் மாதிரி அமைதியாக உள்ளே போனார். பின்கட்டில் கேசரி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் மகளுக்கும் எதுவும் தெரியாது.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் நடந்து வந்தார்கள். முத்துச்செல்வத்தின் தலை இன்னும் ஈரம் காயவில்லை. தாய்மாமா பிச்சையாவின் நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கூந்தல் நுனியில் முடிச்சுப் போட்டிருந்தாள். வணக்கம் சொல்லி உட்காரும்போதே அவள் சிரித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“காலையிலேயே வந்துட்டோம் அண்ணாச்சி. நல்ல நேரம் பதினோரு மணிக்கு மேலதான, அதுக்கு முந்தி படியேறக் கூடாதுன்னு ஒரு குளி குளிச்சிட்டு வாரோம். நம்ம வீட்டு வாசல்தானேன்னு வண்டிய இங்கனயே விட்டுட்டுப் போயிட்டோம்.”

சுந்தரபாண்டியன் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்பதுதான் சரி. சென்னையில் யாரிடமோ பழைய காராக வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறதாம், நம்பர் இன்னும் மாற்றவில்லையாம். பஸ்ஸில் வருவதாகத்தான் இருந்ததாம், கடைசியில் காரையே எடுத்துவிட்டார்களாம். பையன் அடக்கமாகச் சொன்னான். ‘நம்ம வீட்டு வாசல்' என்று அந்தம்மா சொன்னது அவர் நெஞ்சில் போய்க் குத்தியது. எத்தனை வருஷமாக அந்த வாசலில் எத்தனை வண்டிகள்! நம்ம வீடு என்று நினைத்து ஒருவர் நிறுத்தியது இதுதான் முதல் தடவை. அதன் காற்றைத்தான் பிடுங்கி வைத்திருக்கிறார்.

வள்ளித்தாய் கேசரி வைக்க, அனுசியா காபி கொண்டு வந்தாள். முத்துச்செல்வம் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். நல்ல பார்வைகள்தான். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பூப்பழத் தட்டை எடுக்கக் காருக்குப் போன பிச்சையா தட்டோடு வேகமாகத் திரும்பி வந்தார்.

“ஏலே முத்து, ரெண்டு டயர்லயும் காத்து இல்லலே. எவனோ காலிப்பய பிடுங்கி விட்டிருக்கான்.”

ஆளைக்கூட அவரே கண்டுபிடித்துவிட்டார். காலையில் பைக்கில் கூச்சல் போட்டுக்கொண்டு போன பயல்கள்தானாம். மாப்பிள்ளையின் அம்மாவும் ஆமாம் என்றாள். வள்ளித்தாய் புருஷனைப் பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பேசிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அனுசியா பார்த்தது அவர் கையை. விரல் நுனியெல்லாம் டயர்க் கறுப்பு. அவர் கை வெளியே தெரியாதபடி அவள் தட்டோடு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷமாக இப்படித்தான் தன் வாயை அவள் மறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று தோன்றியது. இப்போது சும்மா இருந்தால் கல்யாணம் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பொய்யையும் சேர்த்து இடுப்பில் முடிந்துகொண்டு அவள் அந்த வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும்.

“எவனும் இல்ல, நாந்தான்” என்றார். சட்டைப்பையிலிருந்து இரண்டு வால்வையும் எடுத்துக் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “சென்னைக்காரன்னு நெனச்சிட்டேன். சென்னைக்காரனா இருந்தாலும் செஞ்சிருக்கக் கூடாது. எம்புள்ளைக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ என்னய மாதிரி இல்ல.”

பிச்சையா தட்டைக் கீழே வைப்பதா கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார். முத்துச்செல்வம் குனிந்து ஒரு வால்வை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

“ஒண்ணு போதும்லா சார். எதுக்கு ரெண்டு?”

“ஒண்ணுன்னா ஸ்டெப்னிய மாட்டிட்டுப் போயிருவான்லா” என்று சுந்தரபாண்டியன் வெகு பொறுப்பாகப் பதில் சொன்னார்.

அனுசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தட்டில் தம்ளர்கள் கலகலவென்று ஆடின. முத்துச்செல்வம் வால்வை விட்டுவிட்டு அவள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் இப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவர் நினைத்தார்.

வள்ளித்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள். காற்றைப் பிடுங்குவதும் இவர்தான், சின்னப் பிள்ளைகளோடு யாராவது நனைந்துகொண்டு நின்றால் மனசு கேட்காமல் காற்றை அடித்துக் கொடுப்பதும் இவர்தான், அதற்கென்றே பம்பு ஒன்று வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் போட்டு உடைத்தாள். அந்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தார் என்று மெதுவாகச் சொன்னாள்.

பம்பை அனுசியாதான் எடுத்துக்கொண்டு போனாள். வெளியே சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. சுந்தரபாண்டியன் வால்வுகளைத் திரும்ப மாட்டிவிட்டு, பம்பைப் பிடிக்கப் போனார். முத்துச்செல்வம் விடவில்லை. அவன் காலால் மிதிக்க, அவள் குனிந்து குழாயைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குக் கால் வலித்தபோது அவள் மிதித்தாள். இரண்டு டயருக்கும் காற்றடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. பேசுவதற்கு நிறைய நேரம் இருந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்க அவருக்கு ஆசைதான். ஆனாலும் கல்லைத் தாண்டிப் போய்ச் சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அருவிக்குப் போகிற கார்கள் வரிசையாகப் போயின. ஒன்றின்மேலும் கோபம் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றாள். முறைக்கு எல்லோரும் சொல்வதுதான். செங்கோட்டைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். சுந்தரபாண்டியன் தலையாட்டிக்கொண்டு கேட்டோரம் நின்றார். காரில் ஏறி உட்கார்ந்த முத்துச்செல்வம் கண்ணாடியை இறக்கினான்.

“மாமா, அடுத்த தடவ வரும்போது வண்டிய எங்கன நிறுத்தட்டும்?”

காலையிலிருந்து சார் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பையன். சுந்தரபாண்டியன் கேட்டின் ஒரு கதவைத் திறந்தார். இன்னொரு கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. ஸ்கூட்டர் போக ஒரு கதவே போதும் என்று அதை அவர் திறந்து வருஷக்கணக்காகிறது. தோளைக் கொடுத்து முட்டித் தள்ளி அதையும் திறந்தார்.

“உள்ள கொண்டாந்து விடுங்க மாப்ள” என்றார்.

கார் போன பிறகும் கேட்டை அவர் மூடவில்லை. இந்த வாசலுக்குள் வரப்போகிற வண்டி, ஒரு நாள் தன் மகளை ஏற்றிக்கொண்டு இதே வழியாகத்தான் வெளியே போகும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு உள்ளே போய் நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, இழுத்து இழுத்துப் பழக்க ஆரம்பித்தார். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை இப்படிக் கொட்டுகிறாரே என்று வள்ளித்தாய் வந்து பார்த்தாள்.

“இறுகிக் கெடக்கு” என்றார், முகத்தைத் திருப்பாமல். “புள்ள போகும்போது மக்கர் பண்ணக் கூடாதுல்லா.”