தொண்ணூற்றிரண்டு மைல்

பெட்ரோல் போட்டு, முன்கண்ணாடியைத் துடைத்து, எல்லா டயரையும் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு லெஸ்டர் வண்டியை எடுத்தார். அவர் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், பெண்டாட்டி உள்ளே இருக்கிறாளா என்பது. ஈரக்கையோடு கழிப்பறையிலிருந்து வெளியே வந்த வெர்னா பார்த்தபோது, அவர்கள் குடியிருந்த முப்பத்திரண்டு அடி கேரவன் வண்டி லார்ட்ஸ்பர்க் பெட்ரோல் பங்கைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கியவள் பாதியிலேயே இறக்கிவிட்டாள். இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ முறை கத்திப் பார்த்தாயிற்று. எது அந்த மனுஷன் காதில் விழுந்தது?

சண்டை காலையிலேயே ஆரம்பித்திருந்தது. ஐயோவாவில் இருந்த வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கியபோது ஒரே ஒரு வருஷம் என்றுதான் பேச்சு. ஒரு வருஷம் ஊர் சுற்றிவிட்டு, மகள் ஜோலீன் இருக்கும் ஸாஃபோர்டில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. வருஷம் போன மாதமே முடிந்துவிட்டது. ஜோலீன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் வந்து சரி என்று சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் காபி போட்டுக்கொண்டிருந்த வெர்னாவின் காதில் விழுந்தது, லெஸ்டர் வெளியே நின்று க்வார்ட்ஸைட் முகாமுக்குப் போன் போட்டு மார்ச் வரைக்கும் இடம் பிடித்துக்கொண்டிருந்த பேச்சு. ஸாஃபோர்டுக்குத் திரும்பும் பிரிவைத் தாண்டித்தான் க்வார்ட்ஸைட் போக வேண்டும். மகள் ஊரைத் தாண்டி, பாலைவனத்தில் இன்னும் நாலு மாதம்.

அவள் சொன்னது ரொம்பக் கொஞ்சம். "நான் பின்னால போய்ப் படுக்கறேன். என்கிட்ட பேசாதே." படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். லார்ட்ஸ்பர்க்கில் அவர் டிரைவர் பக்கம் நின்று பெட்ரோல் போட்டபோது, அறைக்கதவை மறுபடி சாத்திவிட்டு மறுபக்க வாசல் வழியாக இறங்கிப் போனாள். சொல்லிக்கொண்டு இறங்கவில்லை. பேசாதே என்று சொன்னவள் எப்படிச் சொல்லிக்கொண்டு இறங்குவாள்?

அவள் போன் வண்டியில் சார்ஜில் கிடந்தது. கடையில் கல்லாவில் இருந்த ஒஃபீலியா தன் போனை நீட்டினாள். வாங்கிய பிறகுதான் வெர்னாவுக்குத் தெரிந்தது, லெஸ்டர் நம்பரும் மனப்பாடம் இல்லை, மகள் நம்பரும் இல்லை. விற்றுவிட்ட வீட்டின் நம்பர் மட்டும்தான் விரல் நுனியில் இருந்தது. அதில் கூப்பிட்டால் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி எடுப்பாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போலீஸ்ல சொன்னா பத்து நிமிஷத்துல மடக்கிடுவாங்க, அம்மா," என்றாள் ஒஃபீலியா.

"வேண்டாம். அவரா எப்பக் கண்டுபிடிக்கிறார்னு பாக்கறேன்."

இதைச் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. பத்து மைலில் ஏதாவது கேட்பார், பதில் வராது, எட்டிப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டாள். ஒஃபீலியா கொடுத்த காபி ஆறிப்போனது. ஒரு மணி நேரம் ஆயிற்று. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய மனுஷன் இவர். ஒவ்வொரு சாயங்காலமும் வண்டியை நிறுத்திய பிறகு கடைசி சீட் வரை நடந்து போய், தூங்கிப்போன பிள்ளை எதுவும் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒரு பிள்ளையைக்கூடத் தவறவிட்டதில்லை என்று ஓய்வு பெற்ற நாளில் கேடயம் வேறு கொடுத்தார்கள். ஊரான் பிள்ளைகளை எண்ணத் தெரிந்தவருக்கு, கூட வந்த ஒருத்தியை எண்ணத் தெரியவில்லை. வெர்னாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இரண்டாவது மணி நேரமும் போனது. கதை கேட்ட லாரிக்காரர் ஒருவர் சிரித்தார். தன் பெண்டாட்டி என்றால் இந்நேரம் வக்கீலைப் பார்த்திருப்பாள் என்றார். மேற்கே காற்று கிளம்பி, அவர் போன சாலையை ஒட்டிய வறண்ட ஏரிப்பக்கம் புழுதி எழும்பியது. அந்தப் புழுதியில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொள்வது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெர்னா வாசலுக்குப் போய்ச் சாலையை எட்டி எட்டிப் பார்த்தாள். அப்படிப் பார்க்க வேண்டியிருந்ததே அவள் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. விட்டுவிட்டுப் போனது போதாதென்று, இப்போது அவருக்காகக் கவலைப்பட வேறு வைக்கிறார்.

மூன்று மணி நேரம் கழித்து கேரவன் திரும்பி வந்தது. லெஸ்டர் பங்கின் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். முகம் வெளிறிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு வாயைத் திறந்தார்.

"ஏன் சொல்லாம இறங்கின?"

அதற்கு அவள் பதில் சொல்லியிருந்தால் ஒஃபீலியா உண்மையாகவே போலீஸைக் கூப்பிட வேண்டி வந்திருக்கும். வெர்னா போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி மறுபடி மேற்கே கிளம்பியது. புழுதி அடங்கியிருந்தது. பத்து மைல் தாண்டிய பிறகுதான் அவர் பேசினார்.

"தொண்ணூத்தி ரெண்டு மைல் பேசிட்டே போனேன், வெர்னா."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான். டெக்ஸஸ் கேன்யன் பள்ளத்தாக்குல பாறைங்களக் காட்டலாம்னு நிறுத்தி உன் ரூம் கதவத் திறந்தப்பதான்…"

"என்ன பேசின?"

"அதான் பேசிட்டேனே. திரும்பவும் பேசுன்னா எப்படி?"

விடாமல் குடைந்ததில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தப்பு தன்மேல்தான் என்று சொன்னாராம். க்வார்ட்ஸைட் வேண்டாம், ஸாஃபோர்டுக்கே போகலாம் என்று சொன்னாராம். வெர்னா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப ஏன் அந்தப் பிரிவுல திரும்பல?"

"திரும்பட்டுமான்னு கேட்டேன். நீ பதில் சொல்லல. பதில் இல்லைன்னா கோபம்னு அர்த்தம். நீ கோபமா இருக்கறப்ப நான் எதைச் செஞ்சாலும் தப்பு. அதான் நேரா போயிட்டேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது? வெர்னா வெளியே பார்த்தாள். சரி, சொன்னது சொன்னதுதானே, இப்போது ஸாஃபோர்டுக்குப் போவோம் என்றாள். அங்கேதான் லெஸ்டர் இழுத்தார். கேட்க ஆளே இல்லாதபோது சொன்னதை எப்படி ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது என்றார். அப்படியானால் இப்போது சொல்லேன், ஆள் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்றாள் அவள். அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உன் மூஞ்சியப் பாத்துட்டு வரமாட்டேங்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு வெர்னா எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருக்கிறது. கதவுக்குத்தான் சொல்வார் என்றால் கதவுக்கே சொல்லட்டும். பின்னால் போய், கதவைச் சாத்தி, கட்டிலில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலமாரியில் தட்டுகள் ஆடின, எங்கோ ஓர் ஆணி கிரீச்சிட்டது, இன்ஜின் உறுமியது. இவற்றுக்கு நடுவில் முனகல் மாதிரி அவர் குரல், அவ்வளவுதான். காலையில் அவள் இறங்காமலே இருந்திருந்தாலும் இதுதான் கேட்டிருக்கும். அந்தப் பிரிவில் அவர் கேட்டபோதும் அவள் பதில் சொல்லியிருக்கமாட்டாள். அவர் நேராகத்தான் போயிருப்பார்.

கதவைத் திறந்துகொண்டு, அலமாரியைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்து, அவர் சீட்டுக்குப் பின்னால் நின்றாள். அவர் கவனிக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"…கட்டில் காலியா இருந்துது. உன்ன மறந்துட்டு வந்துட்டேன்னு எனக்குத் தோணவே இல்ல, வெர்னா. நீயா இறங்கிப் போயிட்டன்னுதான் நெனச்சேன். இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டதே பெரிசுன்னு நெனச்சேன். திரும்பி வந்த வழியெல்லாம், நீ அங்க இருக்கமாட்டன்னு நெனச்சுத்தான் ஓட்டினேன்."

மூன்று மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் வெர்னாவின் வாய் வரை வந்து நின்றது. முன்சீட்டில் உட்கார்ந்தாள். லெஸ்டர் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"நான் போகல. நீதான் விட்டுட்டுப் போன. அத மாத்திப் பேசாதே."

"சரி."

ஸாஃபோர்ட் பலகை தெரிந்தது. லெஸ்டர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"கேக்காதே," என்றாள் வெர்னா. "திரும்பு."

பிரிவுக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. அவர் அப்போதே இண்டிகேட்டரைப் போட்டார். அது வழியெல்லாம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. வெர்னா அதை அணைக்கச் சொல்லவில்லை.