கறியில் சோப்பு

1

“கறியில சோப்பு! இது ரெண்டாவது தடவை! என்னை என்ன ஊற வெச்ச துணின்னு நினைச்சியா?”

“சார், சோப்பு விக்கிற விலையில அதைக் கறியிலயா கொட்டுவேன்? நீங்களே மோந்து பாருங்க!”

“மோந்து பாத்துட்டுத்தாம்மா கத்துறேன்!”

இந்தக் கதை இப்படித்தான் என் காதில் வந்து விழுந்தது. நானாகத் தேடிப் போகவில்லை. ஊரடங்கு, ஜன்னல் திறந்திருந்தது, ஜன்னலில் நான் இருந்தேன். (மூன்று மாதமாக.) மாடி பால்கனியிலிருந்து கத்தியவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். கீழே முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றவள், பக்கத்துச் சந்தில் வீட்டிலேயே சமைத்து ஆப் வழியாக விற்கும் சமையல்காரி. ஸ்கூட்டரில் அவள் தம்பி, பஸ் டிரைவர். பஸ் ஓடாததால் பார்சல் ஓட்டுகிறவன்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘பெருந்தொற்றுக் காலத்தில் மனிதகுலம் பசியையும் பயத்தையும் ஒருசேர...’

வேண்டாம். எங்கள் தெருவில் மனிதகுலம் இல்லை. மேனேஜரின் கூடைதான் இருந்தது.

ஆள் கிட்டே வரக்கூடாதென்று பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். தம்பி பார்சலை வைத்து, போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றிவிட்டு விலகுவான். கூடை மேலே போகும். அதன்பிறகு நடப்பது தெருவில் நிற்பவர்களுக்குத் தெரியாது. எதிர்மாடிக்குத் தெரியும்.

எதிர்மாடியில் நான்.

மேனேஜர் பார்சலை ஒரு வாளி சோப்புத் தண்ணீரில், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் பதமாக முக்கி எடுப்பார். டப்பாவுக்கோ அட்டை மூடி. கிருமி செத்ததோ இல்லையோ, கறி நுரைத்தது.*

* இரண்டுக்கும் தொடர்பிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பெரிய பதவியில் இருந்தவர்.

3

மூன்றாவது புகார் வந்தால் சமையலறையை ஆப்பிலிருந்தே தூக்கிவிடுவார்கள். கடை கிடையாது, போர்டு கிடையாது. ஆப் போனால் அவளிடம் சோறு வாங்க ஆளே இல்லை.

மறுநாள் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

“அக்கா, நீங்க எப்பவும் ஜன்னல்லதானே இருப்பீங்க...”

“எப்பவுமா? எனக்கு வேற வேலை இல்லையா?”

“ஐயோ, தப்பா சொல்லலக்கா. டப்பாவையெல்லாம் நாலு தடவை அலசிட்டேன். தம்பி மேல சந்தேகப்பட்டு அவனையும் திட்டித் தீத்துட்டேன். மேல ஏதாவது நடந்ததைப் பாத்தீங்களா?”

[இங்கே எழுதுகிறவர் அவளைக் காப்பாற்றலாம். ‘வாளி’ என்ற ஒரே சொல் போதும்.]

“நான் எதைம்மா பாத்தேன்?” என்றேன்.

ஏன் என்கிறீர்களா? சொல்லியிருந்தால் தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஒரே நாடகம் அன்றோடு முடிந்திருக்கும். இந்தக் கதையும்தான். நீங்களும் இதுவரை ரசித்தீர்கள். என்னை மட்டும் முறைக்காதீர்கள்.

4

முடிவு அ: மேனேஜர் வாளியோடு பிடிபட்டு மன்னிப்புக் கேட்கிறார். (அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: மேனேஜர் மகளுக்கும் தம்பிக்கும் கூடை வழியாகக் காதல். (அவருக்கு மகள் இல்லை. ஒருத்தியை எழுதிப் பார்த்தேன். அவள்மேலும் சோப்பு வாசனை.)

நடந்தது: மூன்றாவது புகார் போனது. சமையலறை ஆப்பிலிருந்து மறைந்தது. ஒரு காலையில் அக்காவும் தம்பியும் அடுப்பையும் அண்டாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். ஜன்னலை அன்று... [இந்த வாக்கியம் வேண்டாம்.]

மேனேஜர் சாப்பாடு வாங்கும் இடத்தை அடுத்தடுத்து நாலு தடவை மாற்றினார். “இப்பல்லாம் எல்லாருமே சோப்பு போட்டுத்தான் சமைக்கிறாங்க” என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். ஆமாம் சார் என்றேன்.

5

பஸ்கள் மறுபடி ஓடின. தம்பிக்குப் போன ஊரிலேயே கல்யாணம். பெண் பஸ் கண்டக்டர். கல்யாணச் சமையல் அவன் அக்காதான். தெருவையே அழைத்திருந்தாள், மேனேஜர் உட்பட. எனக்கு வந்த அட்டையில் ‘ஜன்னல் அக்கா அவசியம் வரணும்’ என்று தனியாக எழுதியிருந்தாள்.

மேனேஜர் கறியை மூன்று தடவை கேட்டு வாங்கினார். பரிமாறிக்கொண்டிருந்தவளைப் பார்த்துப் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “இப்பதாம்மா ஒழுங்கா சமைக்கக் கத்துக்கிட்டிருக்கே!”

அப்போது அவள் யாரைத் திரும்பிப் பார்த்தாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.