கொம்புக்குப் பிறகு

பெண் பிறந்தால் வைக்க அக்கா ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள். எம்பிராய்டரி மெஷினின் திரையில் விரலால் அதை எழுதிக்கொண்டிருந்தாள். அத்தான் கெஞ்சிப் பார்த்தார். "சொன்னா ஊரெல்லாம் தண்டோரா போட்டுருவீங்க, துணியில பாத்துக்குங்க" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வந்தது. அக்கா வரவில்லை.

இப்போது மெஷினின் திரையும் எரியவில்லை. அதைச் செய்த கம்பெனியை மூடியாயிற்று. மெமரி கார்டில் இருந்த கோப்பை எதிலும் திறக்க முடியாமல், அத்தான் அதை அக்காவின் தங்கையிடம் கொண்டுவந்தார்.

முன்பின் தெரியாத கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் எண்களாகக் காட்டும். எந்த எண் எதற்கு என்று அவள் ஊகித்துச் சொன்னால், அதன்படி படமும் வரையும். இங்கே எண்கள் ஜோடி ஜோடியாக வந்தன. ஊசி பக்கவாட்டில் எவ்வளவு, மேலே எவ்வளவு நகர வேண்டும் என்ற கணக்கு. வரையச் சொன்னாள். ஊசி வலப்பக்கமாகவே ஓடித் திரையை விட்டுப் போனது. திரும்பவே இல்லை.

எண்களை மறுபடி பார்த்தபோதுதான் பிடிபட்டது. பெரிய எண்களை நீண்ட தாவல்கள் என்று நினைத்திருந்தாள். அவை பின்னால் எடுத்து வைக்கும் சின்ன அடிகள். கழித்தல் குறி போட இடமில்லாத கோப்பில் 255 என்றால் ஓரடி பின்னால், 254 என்றால் ஈரடி.

மாற்றியதும் 'ம' வந்தது. அக்காவின் கையெழுத்தேதான். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி அத்தான் நாற்காலியை இழுத்துக்கொண்டார். அடுத்து ஓர் இரட்டைக்கொம்பு சுழித்து எழுந்தது. ஊசி நின்றது.

"அடுத்தது?" என்றார்.

கொம்புக்கு உரிய எழுத்து இல்லை. அதற்குக் கால் உண்டா என்பதும் தெரியாது. மகேஸ்வரியா, மனோகரியா என்று அத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எதுவும் அக்கா யோசித்து வைத்த பெயர் போல ஒலிக்கவில்லை. மீதி எங்காவது ஒளிந்திருக்கும், நல்லா தேடும்மா என்றார்.

தேடினாள். கொம்பின் கடைசித் தையலை அடுத்து முடிவுக்குறி இருந்தது. பிறகு வெறும் பூஜ்யங்கள். கோப்பு அறுபடவில்லை. அக்காவே நிறுத்தி, சேமித்துவிட்டு, எழுந்து போயிருக்கிறாள்.

"இவ்வளவுதான் அத்தான். நாளைக்கு முடிச்சுக்கலாம்னு வெச்சிருக்கா."

குழந்தை சிணுங்கியது. "ஒண்ணுமில்லடி…" என்று முதுகைத் தட்டிய அத்தான், அடுத்துக் கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் மறுபடியும் முதுகையே தட்டினார்.